திறந்த மதகு அளவே தண்ணீர்: கணினி ஆய்வகத்தில் நிரல்களைப் பாதுகாப்பாக இயக்குவோம்

பிப்ரவரி மாதம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரங்களே இருந்தன. திங்கட்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்து கணினியை இயக்கியபோது மாணவர்களின் பொதுக் கோப்புறை காலியாக இருந்தது. 20 மாணவர்கள் ஆண்டு முழுவதும் தட்டச்சு செய்து வைத்திருந்த பைத்தான் நிரல்களும் சி++ நிரல்களும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நகல் எடுத்து வைக்காதது என் தவறு.

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். காரணம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. ஒரு மாணவன் தானாகவே முன்வந்து சொன்னான். அவன் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பாடநூலில், பைத்தான் நிரலின் வழியே சி++ நிரலை இயக்கும் பாடம் ஒன்று இருப்பதைக் கணினி ஆசிரியர்கள் அறிவீர்கள். சிஸ், ஓஎஸ், கெட்ஆப்ட் ஆகிய தொகுதிகள் அங்கேதான் வருகின்றன. அந்தப் பயிற்சியைச் செய்யும்போதெல்லாம் இ.எக்ஸ்.இ. கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைத் துப்புரவு செய்ய அவனே ஒரு சிறு நிரல் எழுதியிருந்தான். கோப்பின் பெயர் ‘இ.எக்ஸ்.இ.’ என்றோ ‘ஓ’ என்றோ முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம்.

அவன் எழுதிய நிபந்தனையில் ‘ஆர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வெறும் சரம் ஒன்று நின்றது. பெயர் அந்தச் சரத்தில் முடிகிறதா என்ற கேள்வியை அவன் இரண்டாம் முறை எழுதவில்லை. பைத்தானில் காலியாக இல்லாத எந்தச் சரமும் ‘உண்மை’தான். எனவே எல்லாக் கோப்புகளுக்கும் நிபந்தனை உண்மையாயிற்று. தேடலைத் தன் கோப்புறையில் தொடங்காமல், ஒரு படி மேலே, பொதுக் கோப்புறையில் தொடங்கிவிட்டான். நிரல் சொன்னதைச் செய்தது.

நான் அவனைக் கடுமையாகத் திட்டினேன். கரும்பலகையின் மூலையில், “அனுமதியின்றி யாரும் சொந்த நிரல் எதையும் இயக்கக் கூடாது” என்று எழுதிவைத்தேன். மாணவர்கள் இரவு பகலாகத் தட்டச்சு செய்து தேர்வுக்குத் தயாரானார்கள். ஆனால் ஆய்வகம் மாறிப்போனது. பாடநூலில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்தார்கள். விடை வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். “இதை மாத்தினா என்ன ஆகும் டீச்சர்?” என்ற கேள்வி அதன்பின் வரவே இல்லை.

திட்டு வாங்கிய அன்று அவன் சொன்ன ஒரே வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது. “டீச்சர், அது என் ஃபோல்டரைத் தாண்டிப் போகும்னு எனக்குத் தெரியாது.”

யோசித்துப் பார்த்தால், அது ஏன் தாண்டிப் போக முடிந்தது? அவன் எழுதிய பத்து வரி நிரலுக்கு மற்ற 19 பேரின் கோப்புகளைத் தொடும் உரிமையை யார் கொடுத்தது? நான்தான் கொடுத்திருந்தேன். எனக்குத் தெரியாமலே கொடுத்திருந்தேன்.

சாவிக்கொத்தோடு வரும் விருந்தாளி

நாம் கணினியில் ஒரு நிரலை இயக்கும்போது, அந்த நிரல் நம்முடைய பெயரிலேயே இயங்குகிறது. நாம் எந்தக் கோப்பையெல்லாம் திறக்கலாமோ, அழிக்கலாமோ, அவை அனைத்தையும் அதுவும் திறக்கலாம், அழிக்கலாம். இரண்டு எண்களைக் கூட்டும் நிரலுக்கும் இதே உரிமைதான். வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்தவரிடம் பீரோ சாவி உட்பட மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுப்பது போன்றது இது. எங்கள் ஆய்வகத்தில் எல்லா மாணவர்களும் ஒரே பயனர் பெயரில்தான் உள்ளே நுழைந்தார்கள். ஆகவே ஒருவரின் நிரலிடம் எல்லோருடைய சாவியும் இருந்தது.

தனித்தனிப் பயனர் கணக்கு கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த மாணவனின் எல்லாக் கோப்புகளும் அவன் நிரலின் கையில்தான் இருக்கும். நிரல் தனக்குக் கொடுக்கப்பட்டதைத் தவிர வேறு எதையும் தொட முடியாதபடி, சுவருக்குள் வைத்து இயக்கும் முறை வேண்டும். இதற்குத்தான் ‘சாண்ட்பாக்ஸ்’, அதாவது மணல்பெட்டி, என்று பெயர். அங்கன்வாடிக் குழந்தை மணல் தொட்டிக்குள் என்ன கட்டினாலும், எதை இடித்தாலும் வெளியே எதுவும் கெடாது. அந்தச் சுதந்திரமே இந்தப் பெயருக்குக் காரணம்.

அரிசி, மாவு, இட்லி

மணல்பெட்டியைப் புரிந்துகொள்ள, முதலில் பைட்கோடு என்ன என்று பார்த்துவிடுவோம். மாணவர்களுக்கு நான் சொல்லும் உவமை இது. நாம் எழுதும் மூல நிரல் அரிசியும் உளுந்தும். கணினியின் செயலி நேரடியாக உண்ணக்கூடிய இயந்திர மொழி, வெந்த இட்லி. இரண்டுக்கும் நடுவில் அரைத்த மாவு இருக்கிறதல்லவா, அதுதான் பைட்கோடு. மாவை வாங்கிச் சென்றவர் விறகடுப்பில் வேக வைக்கலாம், எரிவாயு அடுப்பிலும் வேக வைக்கலாம். அதுபோல ஒரே பைட்கோடு விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் இயங்கும். ஒவ்வோர் இடத்திலும் அதற்கேற்ற ‘அடுப்பு’, அதாவது இயக்கி, இருந்தால் போதும்.

இது புதிய எண்ணமன்று. 1995இல் வெளிவந்த ஜாவா இந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. நம் மாணவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் பைத்தானும் உள்ளே பைட்கோடாக மாறித்தான் இயங்குகிறது. ஒரு நிரல் மற்றொரு பைத்தான் கோப்பை இம்போர்ட் செய்யும்போது ‘பைகேஷ்’ என்ற கோப்புறை தானாகத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். “இது என்ன வைரஸா டீச்சர்?” என்று கேட்பார்கள். மாற்றிய பைட்கோடு மறுமுறைக்காகச் சேமிக்கப்படும் இடம் அது. பைத்தானோடு வரும் ‘டிஸ்’ என்ற தொகுதியை இம்போர்ட் செய்து, ஒரு சிறு செயற்கூறின் பெயரை அதற்குக் கொடுத்தால், அந்தச் செயற்கூறின் பைட்கோடு வரிவரியாகத் திரையில் வரும். ‘இதை எடுத்து வை’, ‘அதை எடுத்து வை’, ‘கூட்டு’, ‘விடையைத் திருப்பிக் கொடு’ என்ற பொருளில் கட்டளைகள் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் சற்று மாறும். பத்து நிமிடத்தில் வகுப்பில் செய்து காட்டலாம், மாணவர்கள் வியப்பார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பைட்கோடாக இருப்பதாலேயே ஒரு நிரல் பாதுகாப்பானதாகிவிடாது. பைத்தானும் பைட்கோடுதான், எங்கள் கோப்புகளை அழித்ததும் அதுதான். அடுப்பைச் சுற்றிச் சுவர் இருக்கிறதா என்பதே கேள்வி.

சுவரோடு பிறந்த பைட்கோடு

அப்படிச் சுவரோடு வடிவமைக்கப்பட்டதுதான் வெப்அசெம்பிளி. இணைய உலாவிக்குள், எங்கிருந்தோ வரும் நிரலை வேகமாகவும் ஆபத்தில்லாமலும் இயக்குவதற்காக இது உருவானது. 2017இல் முக்கியமான நான்கு உலாவிகளிலும் இடம்பிடித்தது. 2019 டிசம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதை அதிகாரப்பூர்வத் தரமாக அறிவித்தது. அதே 2019இல், உலாவி இல்லாமல் கட்டளை வரியிலிருந்தே இத்தகைய நிரல்களை இயக்க ‘வாஸி’ என்ற இடைமுகம் அறிமுகமானது. நிரல் கோப்பைத் திறக்க வேண்டும், திரையில் எழுத வேண்டும், நேரம் பார்க்க வேண்டும் என்றால் யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை வரையறுப்பதே வாஸி. இதன்படி நிரலை இயக்கும் கருவிகளில் ஒன்று ‘வாஸ்ம்டைம்’. இலவசமானது, திறந்த மூலம் கொண்டது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும்.

இதன் சுவர் இரண்டு வகையில் வேலை செய்கிறது.

முதலாவது, நினைவகச் சுவர். நிரலுக்கென்று தனியாக ஒரு நினைவகத் துண்டு கொடுக்கப்படும். அது 64 கிலோபைட் கொண்ட பக்கங்களாக அளந்து தரப்படும். அந்த எல்லைக்கு வெளியே படிக்கவோ எழுதவோ முயன்றால், அந்த நொடியே நிரல் நிறுத்தப்படும்.

இரண்டாவது, அனுமதிச் சுவர். இதை எங்கள் ஊர் மாணவர்களுக்கு விளக்குவது எளிது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. தேக்கடி மதகைத் திறந்தால் சுரங்கப் பாதை வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்கு வருகிறது. அணையில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், திறந்த மதகின் வழியே வருவது மட்டுமே நம் வாய்க்காலுக்கு. மதகை மூடினால் ஒரு சொட்டும் இல்லை. வெப்அசெம்பிளி நிரலுக்கு எல்லா மதகுகளும் தொடக்கத்திலேயே மூடியிருக்கும். கோப்புறையைக் காட்டாவிட்டால் கோப்பு என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. ஒரு கோப்புறையைத் திறந்துவிட்டால் அதற்குள் மட்டும் போய்வரும். ‘ஒரு படி மேலே’ என்று இரண்டு புள்ளிகள் வைத்துக் கேட்டாலும் வெளியே வர முடியாது.

கட்டளை வரியில் எப்படி?

வாஸ்ம்டைம் ஒரு சிறிய செயலிக் கோப்பு. தலைமையாசிரியரிடமும் ஆய்வகப் பொறுப்பாளரிடமும் சொல்லி அனுமதி பெற்று, ஒரே ஒரு 64 பிட் கணினியில் முதலில் முயன்று பாருங்கள். நான் செய்த படிகள் இவை.

முதல் படி: சி++ நிரல் ஒன்றை வெப்அசெம்பிளியாக மாற்றினேன். இதற்கு ‘வாஸி எஸ்டிகே’ என்ற நிரல்பெயர்ப்பித் தொகுப்பு கிடைக்கிறது. வழக்கமாக இ.எக்ஸ்.இ. கோப்பு உருவாகும் இடத்தில், இப்போது ‘வாஸ்ம்’ என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு உருவாகும். அதன் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் ஒன்றேதான்: ஒரு சுழியம், அதன்பின் ஏ, எஸ், எம் என்ற ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். கோப்பை அடையாளம் காண இது ஒரு முத்திரை.

இரண்டாம் படி: கட்டளைச் சாளரத்தில் முதலில் வாஸ்ம்டைம் என்ற பெயர், ஓர் இடைவெளி, பிறகு அந்தக் கோப்பின் பெயர். நுழைவு விசையை அழுத்தினால் நிரல் இயங்கும். விடை திரையில் வரும். ஆனால் இந்த நிலையில் எந்தக் கோப்பையும் அதனால் திறக்க முடியாது.

மூன்றாம் படி: கோப்பு தேவைப்படும் நிரலுக்கு, நிரலின் பெயருக்கு முன்னால் இரண்டு சிறு கோடுகளும் ‘டிர்’ என்ற சொல்லும் இட்டு, எந்தக் கோப்புறை என்று குறிக்க வேண்டும். மதகு திறப்பது இந்த ஒரு சொல்தான். கட்டளையைப் படித்தாலே, இந்த நிரலுக்கு எது அனுமதி என்பது கண்ணுக்குத் தெரியும். கற்பிப்பவருக்கு இது பெரிய வசதி.

நான்காம் படி: முடிவில்லாத மடக்கு. ‘வைல்’ மடக்கில் மாறியைக் கூட்ட மறந்துவிட்டுக் கணினி திணறுவது நாம் தினமும் பார்ப்பதுதான். வாஸ்ம்டைமில் இத்தனை நொடி என்று நேர வரம்பு வைக்கலாம். அல்லது இத்தனை கட்டளைகளுக்கு மட்டும் ‘எரிபொருள்’ கொடுக்கலாம். தீர்ந்ததும் நிரல் நின்றுவிடும்.

பைத்தானுக்கு என்ன செய்வது? பைத்தானை இயக்கும் மென்பொருளையே வெப்அசெம்பிளியாக மாற்றியிருக்கிறார்கள். அதை வாஸ்ம்டைமுக்குள் இயக்கலாம். பைத்தானின் நூலகக் கோப்புறை ஒன்று, மாணவரின் கோப்புறை ஒன்று என இரண்டு மதகுகளை மட்டும் திறந்தால் போதும்.

அதே நிரல், மறுபடியும்

அடுத்த கல்வியாண்டில் ஒரு சனிக்கிழமை, அந்த மாணவன் மாற்றுச் சான்றிதழ் தொடர்பாகப் பள்ளிக்கு வந்தான். அவன் அம்மா விடியற்காலை ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருபவர். மகன் கணினி படிப்பான் என்று நம்பியிருந்தவர். ஆனால் அவன், “வேற ஏதாவது படிக்கலாம்னு இருக்கேன் டீச்சர்” என்றான். எனக்குச் சுருக்கென்றது.

“அந்தப் பழைய நிரல் ஞாபகம் இருக்காப்பா? எழுது பாப்போம்” என்றேன். தயங்கினான். பிறகு அதே பிழையுடன் எழுதினான். அவனுக்கு மட்டும் ஒரு கோப்புறையைத் திறந்து, சுவருக்குள் இயக்கினோம். நிரல் ஒரு படி மேலே போய்த் தேடத் தொடங்கியது. அங்கே போக வழி இல்லாததால், எதையும் காணாமல், எதையும் அழிக்காமல், ஒரு செய்தியும் காட்டாமல் முடிந்தது.

பிறகு அவன் கோப்புறையின் நகல் ஒன்றை எடுத்து, தேடலை அதற்குள்ளேயே தொடங்கும்படி மாற்றி இயக்கினோம். 12 கோப்புகளும் போயின. வெளியே இருந்த அசல் அப்படியே இருந்தது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “எல்லாமே போகுதுன்னா, கண்டிஷன் எப்பவும் ட்ரூவா இருக்கு...” என்று முணுமுணுத்தான். இரண்டு நிமிடத்தில் பிழையை அவனே கண்டுபிடித்துத் திருத்தினான். முந்தைய ஆண்டு நான் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கவில்லை. திட்டுவதற்கு மட்டுமே நேரம் ஒதுக்கியிருந்தேன். அன்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

தொடக்க வகுப்புகளுக்குக் கணினி வேண்டாம்

இதன் அடிப்படையை ஐந்தாம் வகுப்பிலேயே விளையாட்டாகச் செய்யலாம். பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து செய்து பார்த்தோம். தேவைப்படுபவை எண் அட்டைகள், சாக்பீஸ், புளியங்கொட்டைகள்.

தரையில் ஒரு சதுரம் வரையுங்கள். ஒரு குழந்தை உள்ளே உட்காரட்டும், அவர்தான் இயக்கி. அவரிடம் ஐந்து கட்டளைச் சீட்டுகளை வரிசையாகக் கொடுங்கள்: ‘3 வை’, ‘4 வை’, ‘கூட்டு’, ‘2 வை’, ‘பெருக்கு’. ‘வை’ என்றால் அந்த எண் அட்டையை அடுக்கின் மேல் வைக்க வேண்டும். ‘கூட்டு’ என்றால் மேலே உள்ள இரண்டு அட்டைகளை எடுத்து, கூட்டிய விடையை மேலே வைக்க வேண்டும். முடிவில் 14 இருக்கும். வெப்அசெம்பிளியும் இப்படி அடுக்கு முறையில்தான் கணக்கிடுகிறது. வீட்டில் எந்த மொழி பேசும் குழந்தையானாலும் எண்ணும் குறியும் மட்டும் உள்ள சீட்டுகளுக்கு ஒரே விடைதான் வரும். ஒரே மாவு, வேறு வேறு அடுப்பு!

அடுத்து, சதுரத்துக்குள் பல்லாங்குழி போல ஐந்து குழிகள் வரையுங்கள். ‘2ஆம் குழியில் ஒரு கொட்டை வை’ என்றால் வைக்கலாம். ‘6ஆம் குழியில் வை’ என்று சீட்டு வந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். கடைசியாக, சதுரத்தின் ஓரத்தில் ஒரு குழந்தையை ‘மதகுக்காரர்’ ஆக்குங்கள். ‘கரும்பலகையில் விடையை எழுது’ என்ற அனுமதி மட்டும் அவர் பட்டியலில் இருக்கட்டும். ‘டீச்சர் மேசையைத் திற’ என்ற சீட்டு வந்தபோது, எங்கள் மதகுக்காரச் சிறுமி இரு கைகளையும் விரித்து, “பட்டியல்ல இல்ல, போகக் கூடாது!” என்று தடுத்ததை மறக்க முடியாது. அனுமதி கேட்பது, அளவோடு கொடுப்பது ஆகிய இரண்டும் செயலிகள் நிறைந்த கைப்பேசியைப் பயன்படுத்தப்போகும் குழந்தைக்கு அவசியமான பாடங்கள்.

சுவர் செய்யாதவை

இதன் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். மணல்பெட்டி பிழையைத் திருத்தாது. பிழையின் சேதத்தை எல்லைக்குள் வைக்கும், அவ்வளவுதான். நாமே திறந்துவிட்ட கோப்புறைக்குள் அது தாராளமாக அழிக்கும். ஆகையால் அசலைக் கொடுக்காமல் நகலையே கொடுங்கள். சி++ அணியின் எல்லையைத் தாண்டி எழுதும் பிழை, நிரலின் சொந்த நினைவகத்துக்குள்ளேயே நடந்தால் பிடிபடாமலும் போகலாம். பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடநூல் பயிற்சி இந்தச் சுவருக்குள் நடக்காது. ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்குவதற்கு இங்கே வழியில்லை. அந்தப் பயிற்சிக்குப் பழைய முறையேதான். வாஸ்ம்டைமையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒரு முறை எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

இப்போது எங்கள் ஆய்வகக் கரும்பலகையின் மூலையில் இருந்த பழைய வரியை அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறேன்: “எதையும் இயக்கிப் பார்க்கலாம். மதகைத் திறக்கும் முன் கேள்.” மாணவர்கள் மறுபடியும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள், “இதை மாத்தினா என்ன ஆகும் டீச்சர்?” என்று. “மாத்திப் பாரேன்” என்று பயமில்லாமல் சொல்ல முடிகிறது. நீங்களும் உங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினியில் தொடங்கிப் பாருங்கள்.